தடுக்க முடியாத கதவு

எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளி மேடம் என்று பெயர். நாள் முழுக்க வட்டமும் கோடும் புள்ளியுமாக வரைந்துகொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெட்ரி வலை என்பார்கள் அந்தப் படத்தை. வட்டம் என்றால் ஒரு நிலை: ரோபோ சும்மா நிற்கிறது, பிரஸ் தகட்டை அழுத்துகிறது, இப்படி. கோடு ஒரு நிகழ்வு. புள்ளி எந்த வட்டத்தில் நிற்கிறதோ அதுதான் அப்போதைய நிலவரம். ஆளும் ரோபோவும் ஒரே நேரத்தில், ரோபோவைச் சுற்றிப் போட்ட கம்பி வேலிக்குள் இயங்கக் கூடாது என்றால், அதற்கேற்ற கோடுகளைத் தடுத்து வைக்கும் கட்டுப்பாட்டை எழுதுவது அவள் வேலை. அவள் எழுதியபடிதான் மொத்த உற்பத்தி லைனும் ஓடியது.

எல்லாக் கோட்டையும் தடுக்க முடியாது என்பதுதான் இதில் வில்லங்கம். மோட்டாரை நிறுத்தலாம், மனுஷனை நிறுத்த முடியுமா? வேலிக் கதவைத் திறப்பதைத் தடுக்க முடியாத நிகழ்வு என்றுதான் முதலில் போட்டிருந்தாள். அப்படிப் போட்டால், கதவருகே யாராவது வந்து நின்றாலே ரோபோ நின்றாக வேண்டும். உற்பத்தி படுத்துவிடும் என்று மேனேஜர் குதித்தார். அதான் பூட்டு இருக்கிறதே, ரோபோ ஓயும்வரை கதவு திறக்காது, அதனால் தடுக்கக் கூடியது என்று மாற்று என்றார். அந்தப் பூட்டை ஏமாற்ற, மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர்கள் ஒரு மாற்றுச் சாவி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். மேனேஜருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், ஏனென்றால் அந்த பிட்டர்களில் ஒருவர் அவள் புருஷன். கொஞ்ச நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் தகடு கோணலாகச் சிக்கிக்கொண்டது. அவள் புருஷன் மாற்றுச் சாவியைப் பூட்டில் செருகிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியிருப்பதாகவே கட்டுப்பாட்டுக்குத் தெரிந்தது. அவர் தகட்டை உருவியதும் ரோபோ சுழன்று வந்து அவர் வலது கையைப் பிரஸ்ஸோடு வைத்து நசுக்கியது. ஆஸ்பத்திரியில் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தப்பு யாருடையது என்று விசாரணை வைத்தார்கள். அவள் பேசாமல் இருந்தால் வேலை தங்கும். அந்த வீட்டுக்கு இனி அவள் சம்பளம் மட்டும்தான். ஆனால் பழி முழுக்கப் புருஷன் தலையில் விழும். வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

"கதவைத் திறக்கறதை நம்மால தடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முடியும்னு வரைஞ்சு கொடுத்தேன். மேனேஜர்தான் மாத்தச் சொன்னார். என் வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல," என்றாள்.

அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லையே என்றார் மேனேஜர். பச்சைப் பொய். அறைக்குள் தனியாக வைத்துச் சொன்னதற்கு யார் சாட்சி?

சாயங்காலம் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு அவர் முகம் செத்துப்போனது. முந்தின நாளே கம்பெனி ஆட்கள் வந்து விசாரித்திருக்கிறார்கள். தப்பு தன்னுடையதுதான், படத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"உன் வேலையாவது மிஞ்சட்டும்னுதான் சொன்னேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வாக்குமூலமும் கம்பெனிக்கு வசதியாகப் போயிற்று. சாவி போட்டது அவர் குற்றம், படம் போட்டது அவள் குற்றம். அவருக்கு நஷ்டஈடு இல்லை, அவளுக்கு வேலை இல்லை. மேனேஜர் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். லைனும் ஓடுகிறது, அதே படத்தில்.