மவுஸால் வரைந்த ஏரி

மவுஸ் பிடித்துப் படம் வரைவது, முழுச் செங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு புள்ளிக் கோலம் போடுகிற மாதிரியான வேலை. போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள், எங்களுக்கு யோசனை சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்த்தேன். பத்திரம், பயோடேட்டா, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். வேலை இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் படம் வரைவேன். எங்களுக்கு மூன்றாவது கடை கரீம் பாயின் பாத்திரக் கடை. அவருடைய தங்கை பர்வீன் அங்கே கம்ப்யூட்டரில் பில் போடுவாள். ஆள் வராத நேரத்தில் அவளும் வரைவாள். அந்த வட்டாரத்தில் ஆசைக்காகக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்கள் என்று தேடினால் எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேர்தான். பாராட்ட வேறு ஆளில்லாததால் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம். "உன் மேகம் இன்னிக்குப் பரவால்லடி" என்பாள் அவள். "உன் மாடு இப்ப மாடு மாதிரியே கீது" என்பேன் நான். மற்றவர்களிடமிருந்து எங்கள் காதில் விழுந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். என்னைப் போல அவஸ்தைப்பட்டவர்கள் படித்து ஆறுதல் அடையலாம்.

எந்த பட்டன்?

பெருநகர் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் சிட்டாவை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மிஷின் சூடாகும்வரை என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். செய்யாற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றும் ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்தேன். பதினோரு நாள் வேலை. அவள் விரல்களுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. மணிக்கட்டு வலியில் சாப்பாட்டைப் பிசையக்கூட முடியாமல் இருந்தேன். பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு மனம் குளிர்ந்துபோய், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்: "ரொம்ப நல்லா கீதும்மா. இது எந்த பட்டனு? அதையே எனக்கும் ஒரு தபா அமுக்கு, வூட்ல மாட்டிக்கிறேன்."

பேனா கேட்டது

அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் குண்டு இருக்கும். அது ஊர்த் தூசியையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். நேர்கோடு போட்டால் பாதி வழியில் நொண்டும். தினமும் காலையில் குண்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் உருளைகளில் அப்பிய அழுக்கைக் கொண்டை ஊசியால் சுரண்டுவேன். அது முடிந்த பிறகுதான் எனக்கு நாஷ்டா.

கம்ப்யூட்டர் பேனா என்று ஒன்று இருக்கிறதாம், பலகை மேல் எழுதினால் திரையில் வருமாம் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். மாதம் ஒருமுறை காஞ்சிபுரத்திலிருந்து ரிப்பேர் பார்க்க வரும் மெக்கானிக்கிடம் ஆசையாகக் கேட்டேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேனாவால வரையறதுன்னா நோட்டுலயே வரையலாமேம்மா, அதுக்குக் கரண்டே வேணாமே."

படம் ஏறிய பெட்டி

கரீம் பாய் கெட்டவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரும் கரண்டி மாதிரி தேயும் என்று நம்பினார். பில் வர நேரமானால் பர்வீனின் படங்கள்தான் காரணம் என்பார். உள்ளே படம் சேரச் சேரப் பெட்டி கனத்துவிட்டது என்று ஒருநாள் தூக்கியே பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை, ஏனென்றால் அன்றைக்குத்தான் சீர் பாத்திரம் வாங்க வந்த ஒரு குடும்பத்தை, ஒரு வேப்பங்கிளையை முடிப்பதற்காக அவள் பத்து நிமிஷம் நிற்க வைத்திருந்தாள்.

இனி வரையவே கூடாது என்றார். பர்வீன் அழுதாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் இருந்தாள். அவள் நிறுத்தினால் வட்டாரத்தின் ஓவியர்களில் சரிபாதி காலி என்பது ஒரு பக்கம். என் மேகத்தைப் பற்றிப் பேச எனக்கு இந்த ஊரில் ஒரு ஆள்கூட இருக்காது என்பதுதான் உண்மையான துக்கம். பொங்கல் சமயத்தில் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு ஓவிய மன்றம் கண்காட்சி வைக்கும். அதைச் சொல்லிக் கெஞ்சினோம். பாய் யோசித்துக் கடைசியில் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் வரைஞ்சி பாரு. மன்றத்துக்காரங்க உன் படத்தைச் செவுத்துல மாட்டட்டும், அப்புறம் தெனம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் வரைஞ்சிக்கோ, நான் கேக்க மாட்டேன். மாட்டலன்னா பில்லு மட்டும்தான், இன்னா?"

குட்டை

பர்வீன் எடுத்துக்கொண்டது அவள் அம்மா ஊரான தென்னேரி. ஏரி நிரம்பிக் கோடி போகிற நாள். கலங்கல் சுவர் மேல் தண்ணீர் வழிய, கீழே சனங்கள் துண்டையும் தாவணியையும் வலையாக்கி மீன் பிடிக்கிறார்கள். ஐந்து வாரம் வரைந்தாள். நானே பார்த்துப் பொறாமைப்பட்டேன். பிளாப்பியில் போட்டுக்கொண்டு, கலர் பிரிண்ட் எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினோம்.

எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. வரையத் தொடங்குவதற்கு முன்பே எவ்வளவு பெரிய தாளில் வரப்போகிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. திரை முழுக்கத் தெரிந்த ஏரி, தாளில் தீப்பெட்டி அளவுக்கு வந்தது. இழுத்துப் பெரிதாக்கினால் அலையெல்லாம் மாடிப்படி ஆனது. மீன் எது, மனுஷன் எது என்று தெரியவில்லை. பிரிண்ட் போட்டவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏரின்னு சொன்னீங்களேம்மா, இது துணி தோய்க்கிற குட்டை அளவுகூட இல்லியே."

ஞாபகம்

கண்காட்சிக்கு இருந்தது பத்தொன்பது நாள். முதலிலிருந்து பெரிதாக ஆரம்பித்தாள். படம் பெரிதாகப் பெரிதாகக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. ஒரு தரம் சேவ் பண்ண நாலு நிமிஷம். அதனால் சேவ் பண்ணுவதைத் தள்ளிப்போட்டாள். ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டு உயிரை விட்டது. மீன் பிடிக்கிற பதினாலு பேரும் கலங்கலோடு போனார்கள். "நாலு பேர் வரைஞ்சா ஒரு சேவ் போடுன்னு தலைப்பாடா அடிச்சிக்கினேனா இல்லியா" என்று கத்தினேன். அவள் கீபோர்டு மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். குடம் வாங்க வந்த ஒரு அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். "அழாத பாப்பா. அதுதானே வரைஞ்சிது, கரண்டு வந்தா அதுக்கே ஞாபகம் வந்துடும்."

வெளிநாட்டுப் பாராட்டு

அவளைத் தேற்றுவதற்காக பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். உலகத்து ஓவியர்கள் எல்லாம் படம் போடுகிற ஒரு தளத்தில், அவள் வரைந்த ஒரு கொக்கை ஏற்றினோம். ஒரு கொக்கு ஏற முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், எந்த நாட்டிலிருந்தோ யாரோ ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை எழுதியிருந்தார். முதல் வார்த்தைக்காக ஆளுக்கு ஒரு பாதாம் பால் குடித்தோம். மற்ற இரண்டு வார்த்தைக்கு எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. வந்தது இவ்வளவுதான்: "நைஸ். விச் சாப்ட்வேர்?"

கை வேலை

எப்படியோ ஏரி மறுபடி நிரம்பியது. இந்தத் தடவை பெரிய தாளில் பெரிய ஏரியாகவே வந்தது. மன்றத்தை நடத்துபவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தண்ணி நல்லா வழியுதே" என்றார். பர்வீன் என் கையைப் பிடித்து நசுக்கினாள். பிறகு விரலால் தாளைத் தடவி, எந்த பெயிண்ட் என்று கேட்டார். கம்ப்யூட்டர் சார் என்றோம். படத்தை எடுத்து மறுபடி கவருக்குள் போட்டுவிட்டார்.

அந்த மனுஷர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வழிகிற தண்ணீரைத் தானே பாராட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் அது தண்ணீரே இல்லை என்றால் என்ன நியாயம்? "மவுஸை எதால பிடிக்கிறாங்க சார், காலாலயா? நாளைக்குப் பாத்திரக் கடைக்கு வந்து ஒரே ஒரு குடம் வரைஞ்சி காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். பர்வீன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். என்னை அப்படிப் பேச வைத்தது அதற்கு முன்பு அவர் சொன்னதுதான்: "இதுல கை வேலை எங்கம்மா இருக்கு? கம்ப்யூட்டர் வரைஞ்சா பரிசையும் கம்ப்யூட்டருக்குத்தான் குடுக்கணும்."

ஒரு குடம்

வந்தார். அந்த மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். கரீம் பாய் ஸ்டூல் போட்டு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கரும்பலகையில் கைவீச்சிலேயே முழு வட்டம் போடுவார் என்று பேர் வாங்கியவர் மாஸ்டர். மவுஸ் அவர் கைக்குள் நிற்கவில்லை. மேஜை விளிம்புக்குப் போய்விட்டது. அந்தரத்தில் தூக்கிப் பிடித்து வரைந்தார். முதல் குடம் சீத்தாப்பழமாக வந்தது. இரண்டாவது குடத்துக்கு வாய் மூடவே இல்லை. நெற்றி வியர்த்தது. கரீம் பாய் திரையைப் பார்த்தார், அலமாரியில் இருந்த எவர்சில்வர் குடங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

பிறகு பர்வீன் உட்கார்ந்தாள். அதே அலமாரிக் குடத்தைக் கழுத்து, விளிம்பு, அதன் மேல் விழுந்த டியூப்லைட் வெளிச்சம் உட்பட கால் மணி நேரத்தில் வரைந்தாள். மாஸ்டர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "சரிம்மா, மாட்டறேன். ஆனா மன்றத்துல நாலு பேர் கேப்பாங்க, கீழ ஒட்டற சீட்டுல மட்டும் எப்படி எழுதணுமோ அப்படி எழுதிக்கிறேன்."

வந்தது வந்தபடி

படங்களுக்குக் கீழே ஒட்டும் சீட்டுகளை அடிக்கும் வேலை எங்கள் கடைக்கே வந்தது. மாஸ்டரின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனவள் பாதியில் நின்றேன். 'தென்னேரி கோடி போகிறது. வரைந்தது: கம்ப்யூட்டர். உதவி: பர்வீன்' என்று எழுதியிருந்தது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். இதை நான் அடிக்க மாட்டேன், மாற்றித்தான் அடிப்பேன் என்றேன். எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முதலாளி ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஒன்று கேட்டார். திரும்பிப் போய் அடித்தேன். நான் அடித்ததிலேயே கேவலமான வரி அதுதான். பர்வீனிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. முதலாளி கேட்டது: "மாப்பிள்ளை புடிக்கலன்னா கல்யாணப் பத்திரிகையில வேற பேரு அடிச்சிக் குடுப்பியா?"

அண்டா

ஏரியை மண்டபத்தில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். கரீம் பாய் ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். பர்வீன் படத்தைப் பார்த்தாள், சீட்டைப் படித்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த எழுத்து எந்தக் கடை எழுத்து என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அந்த ஏரியில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

பாய் சீட்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அவர் கேட்டது சுவரில் மாட்ட வேண்டும் என்பது மட்டும்தான். மாட்டியாயிற்று. அவர் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. மாஸ்டரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினார். மண்டபத்தில் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேசி முடித்ததும் மாஸ்டர் தானே சீட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "போய் வேற அடிச்சிக்கினு வாம்மா" என்றார். நான் கடைக்கு ஓடினேன். 'வரைந்தது: பர்வீன்' என்று, சீட்டில் அடங்குகிற பெரிய எழுத்தில் அடித்தேன். கரீம் பாய் மாஸ்டரிடம் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன், வந்தது வந்தபடி: "சார், நான் அண்டா விக்கிறவன். எங்கிட்ட அண்டா வாங்கினு போயி பிரியாணி ஆக்குறாங்க. அண்டா ஆக்குச்சி, ஆளு உதவி பண்ணுச்சின்னு இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லலியே."

அன்றிலிருந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் பர்வீன் கம்ப்யூட்டரில் வரைந்தாள், கரீம் பாய் கார்பன் தாள் வைத்து பில்லைக் கையால் எழுதினார், ஆக மாஸ்டர் கேட்ட கை வேலை எங்கள் ஊரில் கொஞ்சம் கூடித்தான் போனது.