நான்கு மூலையிலும் மஞ்சள்

குழைத்த மஞ்சளின் வாசம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். தொண்ணூறுகளில் வேங்கிக்காலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைச் சந்தித்ததிலிருந்து இப்படி. ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. எதைத் தொடும் முன்பும் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

ரயில் எஞ்சின் படம் போட்ட பழைய நினைவு அஞ்சல்தலை, ஒன்றைக்கூடக் கிழிக்காத முழுத்தாளாக அவரிடம் இருந்தது. அஞ்சல்தலை சேகரிக்கும் நான் அப்படி ஒன்றுக்காக ஊர் ஊராக அலைந்தவன். அவர் அதை விரித்தபோது, ஒரு மடிப்பில்லை, ஒரு கறையில்லை; அத்தனை எஞ்சின்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் நின்றன.

"ஆசையா கேக்கறீங்க, எடுத்துக்குங்க சார்" என்றவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகை மூலைகளில் வைக்கக் குழைத்த மஞ்சள். நான் வாயைத் திறப்பதற்குள் தாளின் நான்கு மூலையிலும் விரலால் அழுத்தி வைத்துவிட்டார்.

"ஐயோ! என்னங்க பண்ணிட்டீங்க? கறை பட்டா எல்லாம் போச்சுங்க!" என்று கத்திவிட்டேன்.

"மஞ்சளப் போயி கறைன்றீங்களே சார்! நல்லது ஒண்ணு வீட்ட விட்டுப் போவுது, வெறுமனே குடுத்துடறதா?" அவர் முகம் சுருங்கிவிட்டது.

தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அவர் பின்னாலேயே தெரு வரை வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். இன்னும் ரெண்டு தாளு இருக்குது. கல்யாணத்துக்கு வந்து வாங்கிக்குங்க. இப்பவே மஞ்சள் வெச்சு நல்லா காயவெச்சுடறேன்."