ஜாடியில் விளைந்த உப்பு

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, தினமும் பஸ் பிடித்து மரக்காணம் உப்பளத்துக்கு மேற்பார்வை வேலைக்குப் போய்வந்தேன். அந்த வருடம் எங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. என் மனைவி முதலில் பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவள் எதைத் தின்றாள், எதைத் தூக்கினாள் என்றே விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களை வாசலோடு விரட்டியிருக்க வேண்டும். நான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கோட்டக்குப்பத்து நண்பன், அங்கே முதலாளி வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பதாகவும், பார்த்துக்கொண்டிருந்தால் மனப்பாரம் குறையும் என்றும் சொன்னான். காற்று விடும் சின்ன மோட்டார் ஒன்றையும் கொடுத்தான். மிட்டாய்க் கடையில் பழைய ஜாடி வாங்கி, மரக்காணத்துக் கடல் தண்ணீரை நிரப்பி ஜன்னலோரம் வைத்தேன். வலையில் சிக்கி உயிரோடிருந்த விரல் நீள வரி மீன்கள் இரண்டை அதில் விட்டேன். மறுநாள் மாலை வீடு திரும்பியபோது அவள் ஜாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சின்னது சரியான முரடு, பெரியதைச் சாப்பிடவே விடுவதில்லை என்று கோள் சொன்னாள். பல மாதம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரை வெயிலில் ஜாடித் தண்ணீர் மளமளவென்று குறைந்தது.

"கெணத்துத் தண்ணிய ஊத்திடாத, செத்துப்போயிடும். கொறைய கொறைய கடல் தண்ணியே ஊத்திக்கினு வா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கேன் கேனாகச் சுமந்து வந்தேன். கண்டக்டர் திட்டியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அவள் ஒருநாள் தவறாமல் ஊற்றிவந்தாள்.

மூன்றாவது வாரம் இரண்டும் செத்து மிதந்தன. ஜாடியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் பாத்தி ஓரங்களில் நான் பார்க்கிற அதே உப்பு. உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, குறைந்ததும் மறுபடி பாய்ச்சுவதுதான் நான் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துப்போகும், உப்பு அப்படியே கிடக்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றியிருக்க வேண்டும். மீன்களை உள்ளே வைத்துக்கொண்டு நான் உப்பு விளைவித்திருக்கிறேன்.

"நான் தொட்டது எதுவும் உசுரோட நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள் அவள்.

உன்மேல் தப்பில்லை, என் மடத்தனம்தான் என்று சொல்லியிருக்கலாம். உப்பைப் பற்றி உப்பளத்தில் பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறவனுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லி நீட்டினாள். என் மனைவி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.