உபவாசம் என்று நினைத்தார்கள்

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்திய அந்தத் தவக்காலத்தில், எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. தட்டைப் பார்த்தால் எழுந்து போகத் தோன்றும். மற்றவர்களுக்காக ஜெபிக்க வார்த்தை வரும். எனக்காக ஒன்றும் வராது. தெலுங்கு பேசும் ஊரான குகட்பள்ளியில் ஒரு தமிழ்ச் சபையை நடத்துகிற நான், காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்று தெரியாமல் எழுந்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூர், சூரத், பூனா என்று சுற்றி, கடைசியில் இங்கே பக்கத்தில் சனத்நகரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது ஆண்டவர் என்னைப் பிடித்தார். பிளாட்பாரத்தில் தூங்கியிருக்கிறேன். பட்டினி கிடந்திருக்கிறேன். ஓர் ஊர் பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். இந்த முறை பையைத் தூக்கவும் மனம் எழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

லெந்து தொடங்குவதற்குச் சற்று முன்பு எங்கள் சபை வாலிபன் ஒருவன் பைக் விபத்தில் இறந்தான். கல்லறையில் அவன் தாயைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அன்று சாயங்காலமே இன்னொரு வீட்டில் குழந்தையின் பிறந்தநாள் ஜெபம். முகம் கழுவிக்கொண்டு போய்ச் சிரித்து, ஆசீர்வதித்து, கேக் ஊட்டி வந்தேன். ஊழியக்காரன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குள் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

நான் மெலிவதைச் சபை பார்த்தது. பாஸ்டர் உபவாசம் இருக்கிறார் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். தனியாக இருக்கிற எனக்கு முறைபோட்டுச் சாப்பாடு அனுப்பும் வீடுகள், உபவாசத்தைக் கெடுக்கக்கூடாது என்று அதை நிறுத்திவிட்டன. உபவாசம் இருக்கிறவரின் ஜெபத்துக்கு வல்லமை அதிகம் என்று ஜெபக் குறிப்புகளும் அதிகமாக வந்தன. விசா, வேலை, வரன். எல்லாவற்றுக்கும் ஜெபித்தேன்.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து எனக்காக ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு என்ன ஆயிற்று என்று யாருக்காவது காட்டும். எனக்குச் சொல்ல வரவில்லை."

ஈஸ்டர் அன்று மதியம் மொட்டைமாடியில் பிரியாணி. நான் தண்ணீர் குடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். புஷ்பம் அக்கா தட்டோடு வந்தார்கள். திருநெல்வேலிக்காரர், கணவர் செல்வராஜ் அண்ணன் இங்கே மத்திய அரசு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பாஸ்டர், கர்த்தர் உயிர்த்தெழுந்துட்டாரு. உங்க உபவாசம் மட்டும் இன்னும் கல்லறைக்குள்ளயே கெடக்கே, என்ன சங்கதி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

"இது உபவாசம் இல்ல, என்ன? எங்க வீட்டு மனுசனும் ரிட்டயர் ஆன புதுசுல இப்படித்தான் தட்டப் பாத்துக்கிட்டே இருப்பாவ."

"ஆனா பிரியாணின்னா சாப்ட்ருவேன்," என்றார் அண்ணன். "உங்களுக்கு முத்திப் போச்சு பாஸ்டர்."

பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையானது.

என்னைக் கீழே ஹாலுக்கு அழைத்துப்போய், "உங்க ஜெபக் குறிப்பு என்ன? சொல்லுங்க" என்றார்கள் அக்கா. ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் தயங்கினார். "பாஸ்டர் தலையில நான் எப்படிக் கை வைக்க?"

"வைங்க. எல்லார் தலையும் போலத்தான அதுவும்."

இரண்டு பேரும் கை வைத்து ஜெபித்தார்கள். மின்னலும் இடியும் இல்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. அன்று கொஞ்சம் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் அண்ணன் என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மாத்திரை ஆரம்பித்தது. விஷயம் தெரிந்த ஒருவர், "ஊழியக்காரருக்கு விசுவாசம் போதாதா, மாத்திரை எதுக்கு?" என்று கேட்டாராம். அக்கா விடவில்லை. "நீங்க சுகர் மாத்திரை முழுங்கும்போது பாஸ்டர் வந்து கேட்டாரா?"

இன்று நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள், அன்று என் போன் அண்ணனிடம் இருக்கும். அடக்க ஆராதனைக்குப் போனால் இரண்டு பேர் கூடவே வருவார்கள். திரும்பி வந்து நான் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறுதோறும் என் ஜெபக் குறிப்பையும் சபையில் சொல்கிறேன். தமிழ் சரியாகப் பேச வராத பிள்ளைகள் எனக்காகத் தெலுங்கில் ஜெபிக்கிறார்கள். எத்தனையோ ஊர் பார்த்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு சபை எனக்குக் கிடைத்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. இவர்களைக் கொடுத்த கர்த்தருக்கு நன்றி சொல்லி முடியவில்லை.

ஊழியம் செய்கிற என் சகோதரனே, சகோதரியே, எனக்குச் செய்ததை அவர் உங்களுக்கும் செய்வார். கேளுங்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் தலையில் கை வைத்து ஜெபிக்க யாருமே இல்லையென்றால், குகட்பள்ளிக்கு வாருங்கள். புஷ்பம் அக்கா இருக்கிறார்கள். முதலில் சாப்பிட வைப்பார்கள்.