சாய்ந்து பார்க்கிறவர்

என் கணவருக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியாது. கல்யாண மண்டப வாசலில் நிற்கிற புதுக் காராக இருந்தாலும் சரி, கழுவிக் கவிழ்த்த குக்கராக இருந்தாலும் சரி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, உடம்பை வளைத்து, வெளிச்சம் வழுக்கிப் போகிற திசையிலேயே கண்ணை ஓட்டித்தான் பார்ப்பார். ஒரகடத்தில் கார் செய்கிற ஒரு கம்பெனியில், பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்டர் அவர். வரிசையாக டியூப்லைட் எரிகிற கூண்டுக்குள் ஒவ்வொரு காராக நகர்ந்து வரும். தூசு ஒட்டியிருக்கிறதா, பெயின்ட் வழிந்திருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சின்னதாகக் கிழித்து ஒட்டுவது அவர் வேலை. அடுத்து நிற்கிறவர்கள் அந்த டேப்பைப் பார்த்துத் தேய்த்துச் சரிசெய்வார்கள். குறை இல்லையென்றால் வண்டியோடு போகிற சீட்டில் ஒரு டிக் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு டேப் உருளை கிடக்கும். துணி துவைக்கும்போது நான் எடுத்து வைத்த உருளைகளே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன.

கல்யாணமான புதிதில் என் முகத்தையும் இப்படித்தான் பார்ப்பாரோ என்று பயந்தேன். பார்க்கத்தான் செய்தார். டேப் ஒட்டவில்லை, அந்த மட்டும் நல்லது.

நான் சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ். டிராயிங் மிஸ் என்றால் ஆண்டு விழாவுக்குத் தெர்மோகோல் வெட்டுகிறவள், வாசல் போர்டில் ‘நல்வரவு’ எழுதுகிறவள், சயின்ஸ் மிஸ்ஸுக்குச் சார்ட்டில் இதயம் வரைந்து தருகிறவள். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்வார், ஒரு வார்த்தை கேட்கக்கூட மாட்டார். நானும் சென்னையில் ஐந்து வருடம் ஓவியம் படித்தவள்தான். மகள் பிறந்த பிறகு, ஒன்பது வருடமாக எனக்கென்று ஒரு படம் வரையவில்லை. நேரமில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வேன். நேரம் இருந்தது. வரைந்து பார்த்து, கை போய்விட்டது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் இருந்தது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, உடன் படித்த தோழி சென்னையில் தன் படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தாள். தாம்பரம் போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போனேன். எல்லாப் படங்களையும் சுற்றிவிட்டு ஒரே ஒரு படத்தின் முன்னால் திரும்பத் திரும்ப வந்து நின்றேன். மொட்டை மாடிக் கொடியில் காய்கிற ஒரு பெட்ஷீட், நாலு கிளிப், அவற்றின் நிழல். அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கொடியில் துணி காயப்போடாத நாள் என் வாழ்க்கையில் உண்டா? நான் ஏன் அதைப் பார்க்கவே இல்லை?

தோழி பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னும் அஞ்சு வாரத்துல நம்ம செட்டு ஆளுங்க எல்லாம் சேர்ந்து ஒரு ஷோ போடறோம்டி. நீ ஒரு படம் குடுக்கற. யோசிச்சு சொல்றேன்னு மட்டும் சொன்ன, இனிமே உன்னக் கேக்கவே மாட்டேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை ட்ரெயினிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இந்தத் தடவை கொடுக்காவிட்டால் மிச்சமிருக்கிற வேலைநாளெல்லாம் தெர்மோகோல்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் வம்பில்லாத விஷயமாக எடுத்தேன். மணிமங்கலம் கோயிலைப் போட்டோ பிடித்து வந்து, கோபுரமும் அதன்மேல் விழுகிற மாலை வெயிலுமாக ஆயில் கலரில் வரைய ஆரம்பித்தேன். வீட்டில் இருந்த ஒரே மேஜை எனக்கு வந்தது. மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வருகிற மனிதர், சட்டையைக்கூட மாற்றாமல் சாயங்கால டிபனுக்கு உருளைக்கிழங்கு நறுக்கினார். இரண்டு வாரத்தில் படம் முடிந்தது. காலண்டரில் போடலாம், அப்படி இருந்தது. உள்ளுக்குள் ஏதோ உறுத்தினாலும் முடிந்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“பதினேழு எடம் கீது,” என்றார். “பயப்படாத, பெருசா ஒண்ணும் இல்ல. பிரஷ் முடி ஒட்டிகினு கீது, தூசு கீது, ரெண்டு எடத்துல வழிஞ்சிகீது. எல்லாம் மார்க் பண்ணி வச்சிட்டேன். நீ ரீவொர்க் மட்டும் பண்ணா போதும்.”

உள்ளே ஓடினேன். கோபுரம் முழுக்க டேப் துண்டுகள். நகத்தால் ஒன்றை மெல்ல உரித்தேன். அதோடு கோபுரத்தின் ஒரு பொம்மையும் உரிந்து வந்தது. கீழே வெள்ளைத் துணி தெரிந்தது. ஆயில் கலர் காய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

“காயலயா?” என்றார். முகம் செத்துவிட்டது. “அங்க ஓவன்ல போய் வெந்து வந்தப்புறம்தானே எங்கிட்ட வரும்… ஈரத்துல நான் பார்த்ததே இல்லியே.”

“உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் தகரம்தான். தொடாதீங்க. எதையும் தொடாதீங்க,” என்று கத்தினேன். மகள் பென்சிலை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவர் போய் உருளைக்கிழங்கை நறுக்கினார். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தகரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

இரண்டு நாள் பேசவில்லை. ‘என்னால முடியாதுடி’ என்று தோழிக்கு அனுப்ப போனில் எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன், மறுபடியும் எழுதி அப்படியே வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தத் தெம்பில்லை. “வீட்டுல பார்த்த எதையாவது வரைங்க. மலை, நடுவுல சூரியன், ஓரத்துல தென்னை மரம் வரைஞ்சா கிழிச்சிப் போட்டுடுவேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே கம்பெனி வேலைக்கு வந்து, பின்னாலேயே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர். வாடகைக்கு ஒற்றை அறை.

“மிஸ், ஏற்கெனவே வரைஞ்சதக் காட்டலாமா?” என்று கணக்கு ரஃப் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

பக்கம் பக்கமாக ஒரே ஆள். தூங்குகிற ஆள். ஒன்றில் கண்ணுக்குக் குறுக்கே துண்டு போட்டிருந்தார். இன்னொன்றில் கம்பெனிச் சட்டையோடேயே படுத்திருந்தார், தலைக்கு மேல் ஆணியில் ஐடி கார்டு தொங்கியது. உள்ளங்கால் வெடிப்புக்கூட இருந்தது. கோடெல்லாம் பட்டும் படாமல், ஊதினால் போய்விடும் போல இருந்தது.

“ஏம்மா இவ்ளோ லேசா போட்டிருக்க?”

“எங்கப்பா மிஸ். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து எங்க பள்ளிக்கூட லீவு நாள்ல பகல்ல தூங்குதாவ. ஒத்த ரூம்புதான. டிவி போடக் கூடாது, வெளயாடக் கூடாது. அதான் வரைவேன். அழுத்திப் போட்டா பென்சில் சத்தம் கேட்டு முழிச்சிருவாவன்னு மெல்ல மெல்லப் போடுவேன்.”

நான் ஐந்து வருடம் படித்தும் அந்தக் கோடு எனக்கு வராது. ஏனென்றால் நான் யாருடைய தூக்கத்துக்காகவும் பயந்து கோடு போட்டதில்லை. கோபுரத்தைப் போட்டோவில் பார்த்து வரைந்துவிட்டு, அதில் உயிரில்லை என்ற எரிச்சலை வீட்டுக்காரர்மேல் காட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது “தேங்க்ஸ்மா” என்றேன். மிஸ் எதற்கு நன்றி சொல்கிறாள் என்று புரியாமல் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் போனால், அவர் கெட்டுப்போன படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் வளைந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். தொடாதீங்க என்று நான் சொன்னதைக் கை கேட்டுக்கொண்டிருந்தது. கழுத்து சாய்ந்து, ஒரு கண் சற்றே இடுங்கி, டியூப்லைட் வெளிச்சம் கன்னத்தில் வழுக்கியது. இந்த மனிதர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. கம்பெனி கேட்டைத் தாண்டி எங்களை விடமாட்டார்கள். ஆனால் அந்த வேலை தினமும் என் வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

“அசையாதீங்க,” என்றேன்.

“மறுபடியும் இன்னா பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. அப்படியே நில்லுங்க.”

இருந்த நாட்கள் பதினெட்டு. சீக்கிரம் காயும் என்பதால் இந்தத் தடவை அக்ரிலிக். காரின் கதவுக்குப் பதிலாகப் பீரோக் கதவு. தினமும் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, பீரோவின் முன்னால் அரைமணி நேரம் வளைந்து நிற்பார். “ஷிப்ட் முடிஞ்சும் வூட்ல ஓவர்டைமா?” என்று மகளிடம் குறைப்பட்டுக்கொள்வார். அவள் “சூப்பர்வைசர் பாக்கறாங்கப்பா, ஒழுங்கா நில்லு,” என்பாள். முதல் நாலு நாள் என் கை தடுமாறியது. கழுத்து கழுத்தாக வரவில்லை, அழித்து அழித்து வரைந்தேன். ஐந்தாம் நாள் தோள் சரியாக விழுந்தது. அன்றைக்குச் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். கை போகவில்லை.

தகரம் என்று சொன்னதற்கு, அவர் பீரோவின் முன்னால் நிற்கும்போதே மன்னிப்பும் கேட்டேன். “தகரம்தானே, தகரம்னு சொன்ன. உடு,” என்றார், கழுத்தைத் திருப்பாமல்.

கண்காட்சிக்கு மூன்று பேரும் போனோம். அவர் சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூடத்துக்குள் நுழைந்து, தன் படத்தின் முன்னால் போய், பழக்க தோஷத்தில் அப்படியே சாய்ந்து வளைந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். படத்திலும் ஓர் ஆள் வளைந்திருக்கிறார், எதிரிலும் ஓர் ஆள் வளைந்திருக்கிறார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கை பாக்கெட்டுக்குப் போனதைப் பார்த்து எனக்குத்தான் பகீரென்றது.

கையை வெறுமனே வெளியே எடுத்து, படத்தைத் தொடாமல் ஓர் இடத்தைக் காட்டினார். “இங்க, கண்ணுக்குக் கீழ கறுப்பா கீது. இது பெயின்டா, நானா?”

“நீங்கதாங்க.”

சிறிது நேரம் அதையே பார்த்தார். “இவ்ளோ களைப்பாவா கீறேன்?” என்று மெதுவாகக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “சரி, அப்ப பாஸ்,” என்றார்.

திங்கட்கிழமை அந்த மாணவிக்குப் போனில் படத்தைக் காட்டினேன். உன் நோட்டைப் பார்த்துத்தான் இதை வரைந்தேன் என்றும் சொன்னேன். நன்றாகப் பார்த்துவிட்டு, “எங்கப்பா படுத்திருக்காவ, ஒங்க வீட்டு சார் நிக்காவ, அவ்வளவுதான் மிஸ்,” என்றாள். இப்போது ரஃப் நோட்டு வேண்டாம் என்று அவளுக்கு ஒரு டிராயிங் நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கணக்கு மிஸ்ஸுக்கு என் பீரியடையும் இப்போதெல்லாம் கொடுப்பதில்லை.

கண்காட்சி முடிந்து படம் வீட்டுக்கு வந்தது. பீரோவுக்கு எதிரே மாட்டலாம் என்று கயிறு கட்டத் திருப்பினேன். பின்பக்கத்துத் துணியில், மூலையில், பென்சிலால் ஒரு டிக். பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து. எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக அவர் டிக் அடித்து அனுப்பிய வண்டிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியதில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது இது ஒன்றுதான்.