ஆட்டின் கழுத்தில் நார்வே காசு

அந்தக் காசு கூரியரில் வந்தபோதே அதில் ஒரு துளை இருந்தது. சாதாரணக் காசு இல்லை. கடையில் செல்லாது, வங்கியிலும் எடுக்க மாட்டார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, நடுவில் நீல எனாமல் பூசிய திசைகாட்டியோடு, ஓரத்தில் ஓர் எண் பொறித்து இருந்தது. அந்த எண்ணை இணையத்தில் அடித்தால் காசுக்கென்று ஒரு பக்கம் திறக்கும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது, யார் கையில் இருக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஜியோகாயின் என்று பெயர். நார்வேயில் பேருந்து ஓட்டும் ஒரு பெண் அதை ஊர் சுற்ற அனுப்பியிருந்தார். மூன்று கடல் சேரும் கன்னியாகுமரியைத் தொட்டுவிட்டுத் தன்னிடம் திரும்ப வேண்டும் என்பது அவர் எழுதியிருந்த விருப்பம்.

காசு ஜெர்மனியில் சுற்றி, துபாய் வழியாகப் பெங்களூர் வந்து ஒரு மென்பொருள்காரரின் மேசை இழுப்பறையில் மாட்டிக்கொண்டது. நான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை ஓசூரில், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறேன், நானே கொண்டுபோய்க் கடலில் நனைக்கிறேன் என்று. மறுவாரமே கூரியரில் அனுப்பிவிட்டார். நார்வேக்காரரும் காசின் பக்கத்தில் வந்து ஒரு வரி எழுதினார். இரண்டு வருடம் காத்திருந்தேன், உங்களை நம்புகிறேன் என்று. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று விடுதி அறைத்தோழியைக் கேட்டால் தெரியும்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேன்கனிக்கோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சண்டைக்குக் கன்னடம். இருவரும் ஒரே உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தோம். அவளிடம் ஸ்கூட்டி இருந்தது. என்னிடம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு பொறியாளரிடம் பழையதாக வாங்கிய மஞ்சள் நிற ஜிபிஎஸ் கருவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அது போதும்.

காசை இப்படி ஊர் சுற்ற விடுவது இந்த விளையாட்டின் ஒரு பாதி, டப்பா ஒளித்துத் தேடுவது இன்னொரு பாதி. ஓர் இடத்தில் டப்பாவை ஒளித்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிட்டால், யாரோ தேடி வந்து எடுத்து, பெயர் எழுதி, உள்ளிருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போவார். பயணக் காசு இருந்தால் அதை அடுத்த டப்பாவுக்குக் கொண்டு போவார். ஓசூர் வட்டாரத்தில் ஒரு டப்பாகூட இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. உத்தனப்பள்ளி தாண்டி, ராயக்கோட்டை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பாறைக் குன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். மண்ணைத் தோண்டக் கூடாது. பாம்புப் பொந்தருகே வைக்கக் கூடாது. கோயில், பள்ளிக்கூடம், மின்கம்பம் பக்கம் போகவே கூடாது. உள்ளே தின்பண்டம் வைக்கக் கூடாது. குண்டு என்று யாரும் பயப்படாதபடி, உள்ளிருப்பது தெரிகிற டப்பாவாக இருக்க வேண்டும். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். குன்றின் அடியில் தக்காளி போட்டிருந்த விவசாயியிடம் போனோம். என் கையிலிருந்த கருவியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

“கம்பெனிக்கு நெலம் அளக்க வந்தீங்களா?”

“இல்லீங்க, விளையாட்டுக்கு.”

“எந்த வெளயாட்டும்மா இப்டி மிசினு புடிச்சிகினு வரும்?”

தோழி தெலுங்குக்கு மாறி அரை மணி நேரம் விளக்கினாள். கடைசியில் அவர் சிரித்துவிட்டு, “வெச்சிட்டுப் போங்க. தக்காளிய மிதிக்காம போனா சரி” என்றார். அவர் சம்மதம் கிடைத்த மகிழ்ச்சியில், மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவைப் பாறை இடுக்கில் வைத்தேன். மேலே பெரிதாக ஆங்கிலத்தில், இது விளையாட்டுப் பெட்டி, எடுக்காதீர்கள் என்று ஒட்டினேன்.

உள்ளே நார்வே காசையும் வைத்தேன். புது டப்பாவைத் திறக்கிறவருக்கு உள்ளே ஒரு பயணக் காசு இருந்தால் அதன் கெத்தே தனி. பெங்களூர்க்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லிக் குறிப்பும் போட்டிருந்தேன். தீபாவளி விடுமுறைக்கு முன் நானே எடுத்துக்கொள்வதாகத் திட்டம்.

எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை பாறை இடுக்கு காலியாக இருந்தது.

நான் பக்கத்து இடுக்குகளையும் துழாவினேன். தோழி கருவியைப் பிடுங்கி மூன்று முறை சரிபார்த்தாள். “இடம் இதாண்டி. டப்பாதான் இல்ல” என்றாள். அந்தச் சமயத்தில் குன்றின் மேலிருந்து ஆடுகள் இறங்க ஆரம்பித்தன. முன்னால் வந்தது ஒரு கறுப்புப் பெட்டை ஆடு. அதன் கழுத்தில் நீலமாக ஏதோ மின்னியது.

நான் ஓடினேன். ஆடு பாறை மேல் ஏறியது. நானும் ஏறினேன். அது இன்னொரு பாறைக்குத் தாவி, நின்று, திரும்பி என்னைப் பார்த்தது. அதன் தொண்டைக்குக் கீழே, சிவப்பு நூலில், நார்வே பேருந்து ஓட்டுநரின் திசைகாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, என்னாத்துக்கு ஓடற? நீ ஓடுனா அதுவும் ஓடும். ஆடு இல்ல அது?”

புங்க மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். தலையில் துண்டு, மடியில் என் டப்பா. டப்பாவுக்குள் ராகிக் களியும் கீரையும்.

“அக்கா, அது எங்க டப்பா” என்றேன், மூச்சு வாங்க.

“அப்டியா? நல்ல டப்பா. மூடி கெட்டியா புடிக்குது, எறும்பே ஏறல.” ஒரு வாய் களியை உருட்டிப் போட்டுக்கொண்டார். “நாலஞ்சு நாளு பாத்தேன். யாரும் வந்து எடுக்கல. ஆடு பிளாஸ்டிக்க மென்னுச்சுன்னா வயிறு உப்பிக்கும். அதான் எடுத்தேன்.”

“எடுக்காதீங்கன்னு எழுதி ஒட்டிருந்தோமே.”

“தெலுங்கு கொஞ்சம் படிப்பேன். தமிழு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதுல ரெண்டும் இல்ல.”

“இங்கிலீஷ்ல எழுதிருந்தோம்” என்றாள் தோழி, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

“ஆட்டுக்கா?” என்றார் அந்த அக்கா.

தோழி சிரித்த சிரிப்பில் இரண்டு ஆடுகள் விலகின. நான் விடவில்லை. “கீழ தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டுத்தான் வச்சோம்.”

“அவரா? முட்டி வலின்னு இந்தப் பாறையில கால் வெச்சே எத்தினியோ வருசம் ஆவுது. தெனமும் ஏறி எறங்கறது நானு. என்னைக் கேட்டீங்களா?”

நிலம் யாருடையது என்று விசாரித்தோமே தவிர, அங்கே யார் நடக்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை. நான் படித்த விதிகளை எழுதியவர்கள் ஊரில் ஆடு பாறை ஏறாது போலிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு, காசைக் கேட்டேன். டப்பாவை அவரே வைத்துக்கொள்ளட்டும், காசு மட்டும் வேண்டும், அது என்னுடையது இல்லை, தூர தேசத்தில் ஒரு பெண்ணுடையது, அவர் காத்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு தலையாட்டி மறுத்தார்.

“ராயக்கோட்டையிலிருந்து ஆடு வாங்க ஒருத்தன் வந்தான். இது விக்கறது இல்ல, முன்ன போற ஆடு, இது போனாத்தான் மத்தது போவும்னு சொல்லிட்டேன். ஒரு பார்வ பாத்துட்டுப் போனான். மறுநாளு பின்னங்கால இழுக்குது. புல்லு தொடல. அப்பதான் இது கெடச்சுது. நீலமா, கண்ணு மாரி. கட்டுனேன். இப்ப பாரு, உன்னையே ஓட்டம் காட்டுது. அவுத்துட்டு நானு என்னா பண்றது?”

அவர் ஆட்டைப் பார்த்த விதத்தில் பேரம் எதுவும் இல்லை. முன்னால் போகிற ஆடு படுத்துவிட்டால் மொத்த மந்தையும் படுத்துவிடும். அவர் கவலை அது. என் கவலை, நார்வேயின் அந்த ஒரு வரி. இரண்டும் ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தன.

டப்பாவில் மாற்றி வைக்கப் பையில் கொண்டுவந்திருந்த சாவிக்கொத்து, பொம்மைக் கார், வெண்கல மணி எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். மணியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். “கண்ணு வெச்சது வேணும்” என்றார். பிறகு என் பர்சைக் கை காட்டினார். “அந்தக் கவருல என்னா?”

அதை அவர் பார்த்திருக்க வேண்டாம்.

அது என் சொந்தக் காசு. என்னிடம் இருந்த ஒரே காசும் அதுதான். போர்ச்சுகல்லில் ஒருவருக்கு நம்மூர்ப் பழைய வண்ணப் பேருந்துச் சீட்டுகளில் ஒரு கட்டு அனுப்பி, பதிலுக்குப் பெற்றது. அனுப்பிய அன்று ஓசூர் தபால் நிலைய அலுவலர் கேட்டார், “உள்ள என்னம்மா?” “பஸ் டிக்கெட் சார்.” “எந்த பஸ்ஸுக்கு?” “பழசு, போயிட்டு வந்தது.” அவர் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். அப்படிக் கிடைத்த காசு. மஞ்சள் சூரியன், அதில் அரைத் தூக்கத்தில் இரண்டு கண்கள். சேகரிக்கிறவர்கள் வழக்கப்படி இணையத்தில் அதன் எண்ணைப் பதியாமல், பிளாஸ்டிக் உறையைவிட்டு எடுக்காமல், கைரேகை படாமல் வைத்திருந்தேன்.

அக்கா உறையோடு வாங்கி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். “கனமா கீது. ரெண்டு கண்ணு வேற. இது சரி. ஓட்டை எங்க?”

“ஓட்டை இல்லக்கா.”

“ஓட்டை போட்டு எடுத்தா. அத்த கட்டிட்டு இத்த அவுத்துக்கோ.”

“அடுத்த ஞாயிறு வரேன். இப்ப இதைக் குடுத்துருங்களேன், நம்பி?”

“நீ எந்த ஊரு? பேச்சு ஒரு தினுசா கீதே.”

“நாகர்கோவில்.”

“அது எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே வா.”

துளை போடாத காசுக்கும் துளை போட்ட காசுக்கும் சேகரிப்பவர்கள் மத்தியில் இருக்கிற வித்தியாசத்தை வாரம் முழுக்கத் தோழிக்கு விளக்கினேன். துளை போட்டால் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள், அதோடு முடிந்தது என்று. “உறைக்குள்ளயே கெடந்தா மட்டும் என்னா பண்ணப் போவுது?” என்று கேட்டுவிட்டு அவள் இரவுப் பணிக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து டூல் ரூம் அண்ணனிடம் போனேன். திருச்சிக்காரர். அனுமதியெல்லாம் மேற்பார்வையாளரிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி வந்திருந்தது.

“காசுல ஓட்டையா? எத்தனை எம்எம்?”

“நூல் போற அளவு போதும்ண்ணே. அந்த நம்பர் மேல மட்டும் படக்கூடாது.”

“எதுக்கு?”

“ஆட்டுக்கு.”

அவர் கையை நீட்டினார். உறையைக் கிழித்து நானே எடுத்துக் கொடுத்தேன். மரக்கட்டைகளுக்கு நடுவே காசை வைத்து இறுக்கி, துளையிடும் இயந்திரத்தின் கைப்பிடியை இறக்கினார். சூரியனின் உச்சியிலிருந்து வெள்ளிச் சுருள் ஒன்று எழுந்து விழுந்தது. முடிந்த பிறகு துளை ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, “பிசிறு இருக்கு, ஆட்டுக் கழுத்துல நூல அறுத்துரும்” என்று இரு பக்கமும் தேய்த்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, தோழி கழுத்தைப் பிடித்துக்கொள்ள, நான் நூலை மாற்றினேன். முதலில் சூரியனைக் கட்டிய பிறகுதான் நார்வேயை அவிழ்க்க விட்டார், ஒரு நொடிகூட ஆடு வெறும் கழுத்தோடு நிற்கக் கூடாது என்று. ஆடு தலையை உதறியது. இரண்டு எட்டு வைத்தது. மூவரும் அதன் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நேராக நடந்துபோய் ஒரு செடியைக் கடித்தது.

“சரி, போய்ட்டு வா” என்றார் அக்கா. ஆட்டிடம் சொன்னாரா, காசிடமா, என்னிடமா என்று தெரியவில்லை.

புது டப்பாவை அன்றைக்கே வைத்தோம். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் வெட்டிய துண்டு, இரு பக்கமும் திருகு மூடி, ஆட்டுப் பல் இறங்காத தடிமன். ஆடு எட்டாத இடத்தை அக்காவே காட்டினார். ஒட்டிய சீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதியிருந்தோம். அவர் தெலுங்கை விரல் வைத்து வாசித்து, “ம், இப்ப புரியுது” என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் கன்னியாகுமரியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று காசை நனைத்தேன். சிவப்பு நூலைக் கழற்றவில்லை. அதில் இன்னும் ஆட்டு வாசம் இருந்தது. படம் எடுத்து, நடந்ததையெல்லாம் காசின் பக்கத்தில் எழுதினேன். நூலோடு அனுப்புங்கள், கழுவ வேண்டாம் என்று நார்வேயிலிருந்து பதில் வந்தது. ஓசூர் தபால் நிலையத்தில் அதே அலுவலர். “இந்தத் தடவ என்னம்மா, டிக்கெட்டா?” “இல்ல சார், ஒரு பதக்கம்.” “யாரு ஜெயிச்சது?” என்று கேட்டபடி முத்திரையைக் குத்தினார்.

என் காசின் எண்ணை அந்த வாரமே பதிந்தேன். விருப்பம் என்ற கட்டத்தில், இந்த ஆட்டோடு இருக்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் முதலில் அக்காவைக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். டப்பாவுக்கு டப்பா மாறினால்தான் இணையதளம் தூரத்தைக் கணக்கிடும். அதனால் அது போன தூரம் பூஜ்ஜியம் என்றே காட்டுகிறது.

கடற்கரைப் படத்தை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதான் கடலா? அவ்வளவும் தண்ணியா?”

“ஆமாக்கா. மூணு கடல்.”

“மேய எடமே இல்லையே” என்று படத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். மந்தை ஏற்கெனவே நகர்ந்திருந்தது. முன்னால், பாறைக்கு மேலே, சூரியன் ஒருமுறை மின்னி அந்தப் பக்கம் இறங்கியது.