தலைப்புக்குப் புறம்பான கேள்வி

போன மாதம் கடலூரில் எங்கள் செம்மண்டலம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றும், ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பக்கம் எந்த டாக்டர் இருப்பார் என்றும் கேட்டிருந்தாள். ஒருவர்கூடப் பதில் எழுதுவதற்குள் அட்மின் முந்திக்கொண்டார். ‘இது குடிநீர்ப் பிரச்சினைக்கான குழு. சம்பந்தமில்லாத மெசேஜ் போட வேண்டாம்.’ அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஞாயிறும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்கு வழி சொன்னேன். சொல்லிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார முடியவில்லை. இந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. இருபது வருடத்துக்கு மேலாக வயிற்றுக்குள் கிடக்கிறது.

அப்போது நான் சிதம்பரத்தில் தமிழ் ஆய்வு மாணவி. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்கள், தலைக்கு மேல் எந்நேரமும் கிறீச்சிடும் மின்விசிறி. அங்கே உட்கார்ந்துதான் தமிழ்ச் சொற்களை ஆராயும் ஒரு மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தேன். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஒருவர் எழுதுவது எல்லாருடைய அஞ்சல் பெட்டிக்கும் வந்துவிடும். குழுவை நடத்தியவர் அமெரிக்காவில் இருந்த ஒரு பொறியாளர். தமிழை மிக நேசித்தவர். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். ஆரம்பத்தில் எனக்கு அந்தக் குழு ஒரு சொர்க்கமாகத்தான் இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வீராணம் ஏரி நிரம்பி, கொள்ளிடத்திலும் தண்ணீர் ஏறி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்துவிட்டதாகச் செய்தி. குழுவிலோ தில்லை என்ற பெயர் முந்தியதா, சிதம்பரம் என்ற பெயர் முந்தியதா என்று காரசாரமாக விவாதம் போய்க்கொண்டிருந்தது. அந்த விவாதத்துக்கு நடுவில் ஒரு புதியவரின் மடல் வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘வணக்கம். நான் புதுசு. இங்க கேக்கலாமான்னு தெரியல. துபாய்ல வேல செய்றேன். ஊரு லால்பேட்டை. வெள்ளம்னு டிவில சொல்றாங்க. வீட்டுக்கு போன் போவல. என் சம்சாரத்துக்கு இது மாசம். சிதம்பரம்னு தேடுனப்போ உங்க குரூப் வந்துச்சு. அந்தப் பக்கம் யாராச்சும் இருந்தா விசாரிச்சு சொல்ல முடியுமா.’

நான் அந்த மடலைப் பார்த்தபோது அதற்குப் பதில்களும் வந்து சேர்ந்திருந்தன. முதல் பதில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது இந்தக் குழுவின் மரபல்ல என்றது. இரண்டாவது பதில் எழுதியவர் ஒரு பேராசிரியர். ‘சம்சாரம்’ வடசொல் என்றும், ‘இல்லாள்’ என்று எழுதுவது சிறப்பு என்றும் திருத்தியிருந்தார். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட நிறைமாதக் கர்ப்பிணியைப் பற்றிய மடலில் அந்த மனிதரின் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல்தான். மூன்றாவதாகப் பொறியாளர் எழுதியிருந்தார்: ‘இது சொல்லாய்வுக் குழு. தலைப்புக்குப் புறம்பான கேள்விகளுக்கு இடமில்லை. விதிகளைப் படித்துவிட்டு வரவும்.’ அந்தப் பையன் ‘மன்னிச்சிடுங்க சார்’ என்று எழுதிவிட்டு, ‘ஆனா யாராச்சும் பக்கத்துல இருந்தா’ என்று மறுபடியும் கெஞ்சியிருந்தான். அதற்குப் பதிலாக, எச்சரிக்கையை மீறியதால் இந்த உறுப்பினர் நீக்கப்படுகிறார் என்று ஓர் அறிவிப்பு. அதன் பிறகு தில்லை விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சென்டர் நடத்துபவரைக் கூப்பிட்டு, லால்பேட்டைக்கு பஸ் போகிறதா என்று கேட்டேன். அவருக்கு ஊர் அந்த வழியில் இருக்கும் குமராட்சி.

“காலைல ஓடுச்சுங்க. தண்ணி ஜாஸ்தியா இருந்தா பாதில எறக்கி வுட்டுடுவான். எதுக்குங்க இந்த மழையில?”

மடலைக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். கடைசிவரை படித்துவிட்டு, “இவுங்கள்லாம் படிச்சவுங்களா?” என்று கேட்டார்.

மடலில் அந்தப் பையனின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. நான் சிதம்பரத்தில் இருக்கிறேன், வீட்டு அடையாளம் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவனுக்குத் தனியாக எழுதினேன். நாற்காலியை விட்டு எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. அங்கே அவனும் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால்தான் காத்துக்கிடந்திருக்கிறான். தெருவும் வீட்டு அடையாளமும் எழுதி, ‘அக்கா, ரொம்ப நன்றி அக்கா’ என்று முடித்திருந்தான்.

மறுநாள் காலை கிளம்பினேன். குமராட்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலைக் காணோம். ஒரே தண்ணீர். சாலையில் ஓரிடத்தில் தண்ணீர் ஓட, டிரைவர் வண்டியை நிறுத்திப் பார்த்து, மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். லால்பேட்டையில் இறங்கி விசாரித்ததும் ஒருவர் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். யார், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துபாயிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றதுமே முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவனுடைய தாயார் முதலில் என்னைப் பார்த்துப் பயந்துபோனார். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, பாதி நனைந்த புடவையோடு, மகன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

“புள்ளைக்கு என்னம்மா ஆச்சு?” என்றார்.

“அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்களப் பத்திதான் அவரு பயந்துபோய் இருக்காரு. போன் கெடைக்கலன்னு.”

அவர் முகம் தளர்ந்தது. “மழை ஆரம்பிச்சதுலேர்ந்து போனும் இல்ல, கரண்டும் இல்லம்மா. உள்ள வாங்க, வந்து பாருங்க.”

உள் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் அந்தப் பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் பழைய வெள்ளைத் துணியில் சுற்றிய சிவப்பான ஒரு சின்ன முகம். தெருவில் தண்ணீர் ஏறுவதற்கு முந்தின நாளே ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகி வீட்டுக்கும் வந்துவிட்டார்களாம்.

“பொம்பளப் புள்ள, அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு பேரும் நல்லாருக்காங்கன்னு சொல்லிடுங்கம்மா” என்றார் தாயார். கட்டிலில் இருந்தவள் மெல்லிய குரலில், “அவுங்க மூக்குதான் அப்புடியேன்னு சொல்லுங்கக்கா” என்றாள்.

சிதம்பரம் திரும்பியதும் எல்லாவற்றையும் அவனுக்கு எழுதினேன், மூக்கு உட்பட. பிறகு குழுவுக்கும் ஒரு மடல் அனுப்பினேன். தாயும் சேயும் நலம், கேட்டவரிடம் சொல்லியாயிற்று, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாலே வரி. அது குழுவில் வரவேயில்லை. அந்தப் பையனை நீக்கியதிலிருந்து, பொறியாளர் பார்த்து அனுமதித்த மடல்தான் குழுவுக்குப் போகும் என்று ஆகியிருந்தது. தலைப்புக்குப் புறம்பானது என்பதால் நிறுத்தப்பட்டது என்று எனக்கு மட்டும் ஒரு குறிப்பு வந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தலைப்பு வேண்டும், அவ்வளவுதானே? ‘புறம்பு: ஒரு சொல்லாய்வு’ என்று தலைப்புக் கொடுத்து, ஒரு மனிதனின் கவலை எப்போது புறம்பாகிறது, யார் அதைப் புறம்பாக்குகிறார்கள் என்று நடந்ததையெல்லாம் எழுதினேன். தலைப்பைப் பார்த்ததும் மடல் தடையில்லாமல் உள்ளே போய்விட்டது. பதில்களும் குவிந்தன. ‘புறம்’ என்பதன் வேர் என்ன, ‘பு’ விகுதியா இல்லையா, மற்றத் திராவிட மொழிகளில் இதற்கு இணை உண்டா. ஒரு வாரம் ஓடியது. லால்பேட்டையைப் பற்றி ஒரே ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அந்த வாரமே குழுவை விட்டு வெளியே வந்தேன்.

அவன் விடுமுறையில் வந்தபோது, மனைவியையும் நடை பழகியிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு செம்மண்டலத்துக்கு எங்களைப் பார்க்க வந்தான். பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டு முடித்து எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது, மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

“அக்கா, அன்னிக்கி அந்த குரூப்புல நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? அசிங்கமா எதாச்சும் எழுதிட்டேனா?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணல தம்பி.”

“இல்லக்கா, பெரியவுங்க எல்லாம் சேந்து வெளியில போடணும்னா எதாச்சும் இருக்கும்ல. அதுக்கப்புறம் நான் எதுலயும் எழுதுறதே இல்ல.”

அவர்கள் அவனை நீக்கியதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தப்பு தன் மேல்தான் என்று அவனை நம்பவைத்துவிட்டார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சில வருடம் கழித்து அந்தப் பொறியாளர் சிதம்பரத்துக்கு வந்தார். கீழ வீதியில் ஒரு ஹோட்டல் மாடியில் பழைய உறுப்பினர்கள் கூடினார்கள். அழைப்பு எனக்கும் வந்தது. அவரை நேரில் கேட்க வேண்டும் என்பதற்காகவே போனேன். வெள்ளை வேட்டி, மிருதுவான பேச்சு. எல்லாருக்கும் தன் கையாலேயே காபி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சார், வெள்ளத்தப்போ லால்பேட்டைக்காரர் ஒருத்தர் அவர் வீட்டப் பத்திக் கேட்டாரே, ஞாபகம் இருக்கா?”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “இல்லையேம்மா. எத்தனையோ பேர் வருவாங்க. ஒருத்தர் வேலை கேப்பாரு, ஒருத்தர் ஜாதகம் அனுப்புவாரு. எல்லாத்தையும் விட்டா அது சொல்லாய்வுக் குழுவா இருக்குமா?”

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு ஞாபகமே இல்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

“நீக்குறதுக்கு முன்னாடி, சிதம்பரம் பக்கம் யாராவது இருந்தா இவருக்குத் தனியா எழுதுங்கன்னு ஒரு வரி போட்டிருக்கலாம் சார். நான் அங்கதான் இருந்தேன். இந்த வீதிக்குப் பின்னாடிதான் இருந்தேன்.”

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா.”

“அவரு பொண்டாட்டிக்கு அது நிறைமாசம் சார்.”

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “கொழந்த நல்லபடியா பொறந்துதா?” என்று கேட்டார்.

“பொறந்துது. பொண்ணு. இப்ப இஸ்கூலுக்குப் போறா.”

“சந்தோஷம்மா” என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் படியிறங்கிப் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா என்ற ஒரு கேள்வியை அன்றைக்கே, அந்தக் குழுவிலேயே, அவரோ வேறு ஒருவரோ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் லால்பேட்டைக்காரன், தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டிருக்கமாட்டான். கடலூர் வந்து சேரும்வரை எனக்கு ஆறவில்லை.